தொண்ணூற்றொன்பதின் செருக்கு

பெங்களூரின் மேல் மார்கழி மெல்ல இறங்கியிருந்தது. அல்சூர் ஏரி பனிக்குள் முகம் மறைத்துக்கொள்ள, கரை மரங்கள் இலையசைக்காமல் நின்றன. இறைவனைப் பாடுவதற்கென்றே வாய்த்த திங்கள் அது. நைந்த நுரையீரலுக்கோ ஒவ்வொரு வைகறையும் செங்குத்தான மலை.

ஏரிக்கு அருகே மர்பி டவுனில் குடியிருந்த கிளாரன்ஸ் அந்த மலையில்தான் மூச்சிரைத்தார். வாழ்நாளெல்லாம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். தேவாலயப் பாடகர் குழுவின் அடிக்குரல். பனி தொடங்கியதும் மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்.

அங்கே அப்போது இரு கருவிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தனர். இரண்டும் ஆக்சிஜன் கலந்த வெதுவெதுப்பான ஈரக்காற்றை மூக்கின் வழியே விரைந்து செலுத்துபவை. சிறந்ததை வாங்குவதாக ஏற்பாடு. "ரெண்டுலயும் ஆக்சிஜன் ஒரே அளவுதான். நான் வெச்சதை யாரும் தொடக்கூடாது" என்று டாக்டர் சௌம்யா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

பிற்பகலில் இரண்டாம் கருவியை, அதை விற்கும் கம்பெனியின் ஆள் வந்து மாட்டினார். சற்று நேரத்தில், கருவி வாங்கும் பொறுப்பிலிருந்த பத்ரிநாத், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒளிரும் திரையைப் பூரிப்போடு காட்டினார்.

"பாத்தீங்களா ஆன்ட்டி? காலைல மெஷின்ல தொண்ணூறைத் தாண்டல. இதுல தொண்ணூத்தொம்பது!"

கிளாரன்ஸின் மனைவி ஆஞ்சலா திரையைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்டால் கட்டில் கம்பியில் தாளம் தட்டாமல் கணவரின் விரல் இருந்ததில்லை. காலையில் திணறியபோதும் தட்டியது. இப்போது அசையவில்லை.

"தூங்குறாரு ஆன்ட்டி, விடுங்க."

"தூக்கத்துலயும் தட்டுற மனுசன்பா இவரு! டாக்டரம்மாவக் கூப்பிடு!"

சௌம்யா ஓடிவந்து தோளை உலுக்கினார். முனகல் மட்டுமே எழுந்தது. கருவியை நோக்கிய கண்கள் சிவந்தன.

"ஆக்சிஜனை ஏத்தினது யாரு?"

"கம்பெனி ஆளு மேடம்... நம்பர் நல்லா வரட்டும்னு. நானும் சரின்னேன்."

"யாருக்கு நல்லா? இவருக்குத் தொண்ணூறுதான் சார் சரி! இந்த நுரையீரல்ல ஆக்சிஜனைக் கொட்டினா கரியமில வாயு உள்ளயே தேங்கி மயக்கத்துல தள்ளிடும். மூச்சே நின்னிருக்கும். மிக்ஸி டெமோவுல அரைச்சுக் காட்ட இவர் என்ன தேங்காயா?"

"இல்ல மேடம், கம்பேர் பண்ண..."

"தராசுல ஒரு தட்டுக்கு அடியில கல்லை ஒளிச்சு வெச்சா அது கம்பேரா? இன்னிக்கோட இந்தக் கூத்து நின்னுச்சு!"

உயிரைத் தாழ்த்தி எண்ணை உயர்த்திய வணிகம் வெளிப்பட்டுவிட்டது. பத்ரிநாத் தலைகுனிந்தார்.

பேசும்போதே சௌம்யாவின் கை ஆக்சிஜனை அளவாகக் குறைத்திருந்தது. இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, மூச்சுக்குத் துணைசெய்யும் முகக்கவசத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். திரையின் எண் இறங்கி இறங்கித் தொண்ணூறில் நிலைத்தது. நெடுநேரம் கழித்து, கம்பியில் ஒரு விரல் தட்டியது. பிறகு தாளம் தப்பாமல் மீண்டும் தட்டியது.

ஆஞ்சலா கட்டிலை நெருங்கினார். கட்டைவிரலால் கணவரின் நெற்றியில் சிலுவை வரைந்து கண்மூடி நின்றார். பின் திரும்பி, சௌம்யாவின் பொட்டுக்குச் சற்று மேலே அதே சிலுவையை வரைந்தார்.

"ஆண்டவர் உன் கையை எப்பவும் புடிச்சிருக்கட்டும், மகளே."