கவ்வாத்து தப்பிய தலைவர்

பாறைமட்டம் ஊராட்சித் தலைவர் வேலுசாமி மூன்றாம் முறை ஜெயித்த அன்று பதினோரு அடி உயரம் இருந்தார். முதல் முறை ஜெயித்தபோது அவர் சராசரிக்கும் சற்றுக் குட்டை. மாலை போட வந்தவர்கள் குனிந்து போட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர் வளர்வதை முதலில் கவனித்தவள் சேரம்பாடி போகும் பாதை முக்கில் தையல் கடை வைத்திருந்த சசிகலா. தேர்தலுக்குத் தேர்தல் அவருக்கு வெள்ளைச் சட்டை தைப்பது அவள்தான். இரண்டாம் முறை அளவெடுக்க முக்காலி போட்டு ஏறினாள். மூன்றாம் முறை இரண்டு டேப்பை முடிச்சுப் போட வேண்டியிருந்தது. "ஏனுங்கண்ணா, உயரம் கூடிட்டே போகுதுங்களே" என்று கேட்டாள். "மக்கள் ஆதரவு அம்மிணி" என்று மேலேயிருந்து பதில் வந்தது. அலுவலகத்தில் தலை இடித்ததால் கூரையைப் பிரித்தார்கள். பிரித்ததற்கு ஒரு மதிப்பீடும், அதே கூரையை ஓடு மாற்றிப் புதுப்பித்ததற்கு இன்னொரு மதிப்பீடும் மேலே போய் இரண்டும் பாஸாகி வந்தன. மழைக் காலத்தில் கிளார்க்குகள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

அவர் என்ன சாப்பிட்டு வளர்ந்தார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. முக்கிலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு ஏறும் மண் பாதையைத் தார் ரோடாக்க முதல் முறை ஜல்லி வந்தது. லாரி கொட்டிவிட்டுப் போனதும் வேலுசாமி அந்தக் குவியலின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வறுகடலை தின்பதுபோல ஒவ்வொரு கல்லாகத் தின்று முடித்தார். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இரண்டாம் முறை தார் டின்களை வெயிலில் வைத்து இளக்கிக் குடித்தார். மூன்றாம் முறை ஓடைக்குப் போட வந்த சிமென்ட் குழாய்கள். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது, நடுவில் இரண்டு சோடா வாங்கிக் குடித்தார். ஒவ்வொரு முறையும் ரோடு போட்டு முடிந்துவிட்டதாகப் பலகை வைத்தார்கள். பலகையை மட்டும் அவர் தின்னவில்லை. பார்த்தவர்கள் கண்ணாடி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, எவன் வந்தாலும் திங்கத்தான் போகிறான், இவனாவது நம் கண்ணெதிரில் தின்கிறான் என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

மேல் லயத்துக்காரர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அக்கரையில் இருந்த காலத்தில் ஓட்டு பறிக்கப்பட்டவர்கள். இங்கே வந்து அது கையில் கிடைத்த பிறகு, தேர்தல் நாளைச் சம்பளத்தோடு கிடைக்கும் லீவு என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தார்கள். அன்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள், இல்லாவிட்டால் கூடலூருக்குக் கறி வாங்கப் போனார்கள். இந்த ஏற்பாடு வேலுசாமிக்கும் பிடித்திருந்தது. தூங்குபவர்களை எழுப்பாமல் இருக்க அவர் வீட்டுக்கு வீடு ஒரு குடை கொடுத்தார். முதல் தேர்தலுக்குக் கம்பிக்கூடு, இரண்டாவதற்குத் துணி, மூன்றாவதற்குப் பிடி. கம்பி பெரியவர்களுக்கான அளவு, துணி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது, பிடி எந்தக் குடைக்கானது என்று யாருக்கும் தெரியவில்லை. நனைந்துகொண்டே தேயிலைக் கொழுந்து பறித்தார்கள். இவ்வளவுக்கும் பொறுத்துப்போன சனங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் குடையின் பிடி என் வீட்டிலும் ஒன்று கிடந்தது என்பதால் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் தலை மஞ்சுக்குள் போய்விட்டது. காதோரத்தில் இலை துளிர்த்து, பிடரியில் வெள்ளையாகத் தேயிலைப் பூ பூத்தது. மனுக் கொடுக்கப் போனவர்கள் அவர் முழங்காலிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அவர் நிழல் மலையேறி வந்து மேல் லயத்தின் மேல் விழுந்தது. காலையில் ஒரு பக்கமாகவும் சாயங்காலம் இன்னொரு பக்கமாகவும் கிடந்து, வெயில் என்ற ஒன்றே லயத்துக்கு இல்லாமல் செய்தது. துவைத்த துணி காயவில்லை, பிள்ளைகளுக்குச் சளி விடவில்லை. அந்த வருடம்தான் கொழுந்து பறிக்கும் அன்னக்கிளியின் மருமகள் கீர்த்தனாவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் முக்கு வரை வந்து நின்றது. மேலே தார் ரோடு இருப்பதாக டிரைவரின் போனில் காட்டியது, கண்ணுக்கு முன்னால் சேறு இருந்தது. கம்பளியில் தூளி கட்டித் தூக்கி இறங்கினார்கள். பாதி வழியில், ரோடு போட்ட பலகைக்குப் பக்கத்தில், அவளும் பிள்ளையும் போய்விட்டார்கள். பிள்ளைக்கென்று சசிகலா தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகள் கடையிலேயே தங்கிவிட்டன. அடுத்த தேர்தலுக்கு வேலுசாமியின் ஆள் அளவெடுக்கக் கூப்பிட வந்தபோது, சசிகலா டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய் அவரை எதிர்த்து மனுத் தாக்கல் செய்தாள்.

அதற்காக யாரும் பெரிதாக ஆடிவிடவில்லை. அன்னக்கிளியின் மகள் இந்துமதி அப்போது எட்டாம் மாதம், பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். அன்னக்கிளி கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட கேட்காமல் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் ஓட்டைப் பற்றிக் கேட்டவர்களிடம், போட்டு என்ன ஆகப்போகிறது என்றுதான் சொன்னாள். அப்படியே போயிருக்கும், காளிமுத்துவின் காது கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால்.

காளிமுத்து இரண்டு நாட்டிலும் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். தேயிலை உண்மையில் செடியல்ல, மரம். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதால்தான் அது செடியாக அடங்கி நின்று கொழுந்து கொடுக்கிறது. அந்த வெட்டுக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். மழைக்கு நடுவில் ஒரு ஜீப் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, நாளை மறுநாள் வாக்குப்பதிவு என்றும், குடையின் மூன்று பாகங்களையும் பொருத்திக் கொடுக்க இம்முறை ஆள் வருவார் என்றும் சொல்லிப் போனது. காளிமுத்து காதில் விழுந்தது கவ்வாத்துப் பதிவு. அவர் கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி, "நாளான்னிக்குக் கவ்வாத்தாம், பேரு பதியுறாங்களாம். வெள்ளன பெரட்டுக்கு வந்துருங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசை. சனங்கள் சிரித்தார்கள், யாரும் திருத்தவில்லை. குழாயடியில் இருந்த ஒருத்தி வேண்டுமென்றே, "எந்த மலையில தாத்தா கவ்வாத்து?" என்று கேட்டாள்.

காளிமுத்து கேள்வியே புரியாதவர்போலப் பார்த்தார். பிறகு கத்தியை நீட்டிக் கீழே, மஞ்சுக்கு வெளியே பூத்துக் கிடந்த வேலுசாமியின் பிடரியைக் காட்டினார். "இது என்னா கேள்வி புள்ள. அந்தா நிக்குதே, கவ்வாத்து தப்பிப்போன மரம். கொழுந்துக்கும் ஆகாம நெழலக் குடுத்துக்கிட்டு. அத வெட்டாம வேற எத வெட்டப் போறாங்க?"

குழாயடியில் சிரிப்பு நின்றுவிட்டது. குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அன்னக்கிளிதான் குழாயை மூடினாள். "மூணு கவ்வாத்து தப்பிருச்சு. மூணு தடவையும் நாமதான் லீவுன்னு படுத்துக் கெடந்தோம்" என்றாள். அழுகை இல்லை அவளுக்கு, அவமானமும் ஆத்திரமும்தான். மற்றவர்கள் அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தேர்தல் அன்று விடியும்போது மேல் லயம் முழுவதும் முதுகில் கூடையும் கையில் கவ்வாத்துக் கத்தியுமாகப் பள்ளிக்கூட வாசலில் பெரட்டு வரிசையில் நின்றது. போலீஸ்காரர் கத்திகளை எல்லாம் மாமரத்தடியில் வைக்கச் சொன்னார், வைத்தார்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற வேலுசாமி இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, குடைக்கு ஆளு வந்திருக்கானுங்க. ஓட்டு எங்க போயிரப் போகுது, வந்து பொருத்திட்டுப் போங்க" என்றார். குரல் இறங்கி வரச் சற்று நேரமானது. அன்னக்கிளி அண்ணாந்து பார்த்து, "மழ விட்ருச்சுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இளஞ்சிவப்புச் சீட்டில் அவள் முத்திரையை அழுத்தியபோது வெளியே வேலுசாமி ஒரு விரற்கடை குறைந்தார், வலது கைச் சட்டையிலிருந்து ஒரு கூடை ஜல்லி கொட்டியது. அடுத்த ஆள் குத்தியபோது இன்னும் கொஞ்சம். அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார், வேட்டி வழியாகக் கொட்டியது. தார் கட்டி கட்டியாக விழுந்தது, குழாய்கள் உருண்டு மாமரத்தில் இடித்து நின்றன. காளிமுத்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த உயரத்தில் வெட்டு என்று அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி எரிச்சலோடு, உங்க இஷ்டம் பெரியவரே என்றார். அவர் அழுத்திக் குத்தியதில் தலைவர் ஒரேயடியாக ஒரு முழம் இறங்கினார் என்று சொல்கிறார்கள். மத்தியானம் லயத்தின் மேல் வெயில் விழுந்தது. நடக்க முடியாதவர்கள்கூட வெளியே வந்து உட்கார்ந்தார்கள், பிறகு அவர்களையும் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தார்கள். வாக்கு எண்ணிக்கையும் சில நாள் கழித்து முறைப்படி நடந்தது.

சசிகலா ஜெயித்தாள். பள்ளிக்கூடத் திடலில் கிடந்த ஜல்லியையும் தாரையும் கொழுந்துக் கூடையில் சுமந்து சனங்களே பாதையில் கொட்டி நிரவத் தொடங்கினார்கள். ஓர் இன்ஜினியர் வந்து, அங்கே ஏற்கெனவே ரோடு இருக்கிறது, அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது என்றார். "இருக்குற ரோட்டு மேலதானே போடுறோம், அதுக்கு என்னாங்க" என்று அன்னக்கிளி கூடையைக் கவிழ்த்தாள். கவிழ்த்தது அவர் ஷூவுக்கு மேல் விழுந்தது. ஓடையில் குழாய் இறங்கிய வாரம் இந்துமதிக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் முக்கில் நிற்காமல், அந்தப் பலகையைத் தாண்டி, லயத்து வாசல் வரை ஏறி வந்தது. கூடலூரில் பெண் பிள்ளை பிறந்தது. சசிகலா கடையில் கிடந்த சின்னச் சட்டையைத்தான் அதற்குப் போட்டார்கள். அன்னக்கிளி அன்றுதான் கீர்த்தனாவுக்காக வாய்விட்டு அழுதாள்.

வேலுசாமி பழைய உயரத்துக்கே வந்துவிட்டார், முக்கில் குடை பழுதுபார்க்கிறார். கைவேலை மோசமில்லை. கழற்றிப் போட்ட அவருடைய பதினோரு அடிச் சட்டையிலிருந்து பால்வாடிக்கு ஜன்னல் திரை தைத்தாயிற்று. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தலைவர் சசிகலாவைப் பெரட்டுக் களத்துக் கம்பத்தில் நிறுத்தி, அவளுடைய டேப்பாலேயே அளக்கிறார்கள். போன மாதம் அரை அங்குலம் கூடியிருந்தது. புதுச் செருப்பு என்றாள் அவள். "கழட்டிட்டு நில்லுங்க தாயி" என்றார் காளிமுத்து. கழற்றிய பிறகும் அரை அங்குலம் இருந்தது. காளிமுத்து கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறார்.