மேட்டுத் தண்ணீர்

சண்முகவடிவு குடத்தை இடுப்பில் வைத்ததுமே காளியாயி எழுந்து போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மேட்டுத் தண்ணி வேணாம் மதினி. ஆத்துல எடுப்போம்."

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டு வாசலில் காளியாயியின் புருஷன் பழனியாண்டியைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். விடியும்போது மூச்சு நின்றிருந்தது. அவனைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கத்தான் அவன் அக்கா சண்முகவடிவும் மற்றப் பெண்களும் கிளம்பி நின்றார்கள். மாசி மாதம். லயத்துக்குத் தண்ணீர் கொட்டும் பீலி வற்றி இருபது நாளாகிறது. ஆறு இரண்டு மைல் கீழே. மத்தியானத்துக்குள் அடக்கம் முடிய வேண்டும் என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மேட்டுத் தண்ணீர் பழனியாண்டி பிடித்தது. தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற வேலை அவனுக்கு. கழித்துப்போட்ட சல்லடை வலைகளைக் கேட்டு வாங்கிவந்து, லயத்துக்கு மேலே மொட்டை மேட்டில் கம்பு நட்டுக் கட்டினான். வலைக்கண் பெரிதாயிருந்தால் பனிமூட்டம் புகுந்து போய்விட்டது. சிறிதாயிருந்தால் துளி கண்ணிலேயே அடைத்துக்கொண்டு இறங்க மறுத்தது. மாற்றி மாற்றிக் கட்டினான், துளி வழுக்கி இறங்கக் கம்பிகளில் மெழுகுதிரியைத் தேய்த்தான். ஒருநாள், மழையே இல்லாத மாதத்தில், வலை சொட்டத் தொடங்கியது. அடியில் வைத்த மூங்கில் வழியாகத் தண்ணீர் பீப்பாயில் விழுந்தது. லயத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் குடிக்கக் கிடைத்தது.

ஆனால் மூட்டம் கவிகிற நேரமெல்லாம் அவன் மேட்டில் நிற்க வேண்டியிருந்தது. காற்றில் சாய்ந்த கம்பை நிமிர்த்த வேண்டும், பாசியைத் துடைக்க வேண்டும். நனைந்து நனைந்து சளி நெஞ்சில் இறங்கியது. போகாதே என்று காளியாயி சண்டை போட்டாள், அழுதாள், ஒருதடவை கம்பளியை ஒளித்துவைத்தாள். அவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனான்.

"அந்தத் தண்ணிதான் இவரக் கொண்டுபோச்சு," என்றாள் இப்போது. "அத இவரு மேல ஊத்த விடமாட்டேன்."

அவளே குடத்தோடு ஆற்றுப் பாதையில் இறங்கினாள். சண்முகவடிவு பின்னால் வந்தாள்.

மூன்றாவது வளைவில், பாறையருகே, காளியாயியின் கால் நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே மாசியில், ஏழு மாத வயிற்றோடு தண்ணீர் சுமந்து ஏறும்போது வழுக்கி விழுந்த இடம் அது. பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றிப் பழனியாண்டி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. மறுவாரம்தான் சல்லடை கேட்டு ஸ்டோருக்குப் போனான். எதற்கு என்று கேட்டவர்களிடம், சும்மா கிடக்கிற சாமான்தானே என்றான்.

பாறையில் உட்கார்ந்தாள். கீழே ஆறு மெல்லிய கோடாகத் தெரிந்தது. சண்முகவடிவு கை நீட்டினாள். அதைப் பிடித்து எழுந்தவள், இறங்காமல் மேட்டைப் பார்த்து ஏறினாள்.

பீப்பாயில் அரைக்கு மேல் தண்ணீர் இருந்தது. குடத்தை அவளே அமிழ்த்தி எடுத்தாள்.

வாசலில் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். முதல் செம்பைக் காளியாயி மொண்டாள். இன்னொரு கை பழனியாண்டியின் நெஞ்சின்மேல் இருந்தது. செம்பைச் சரிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"சில்லுனு இருக்கு மதினி. இவருக்கு நெஞ்சு தாங்காது. கொஞ்சம் சுட வச்சுக் கொண்டாங்க."

வாசலோரம் தப்படித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சண்முகவடிவு குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பின் முன் குந்தி, பற்ற மறுத்த விறகை ஊதினாள். புகை மெதுவாக வாசலுக்கு வந்தது.