படாக் தூளைச் சுற்றிய வளையம்

ஜங்லிகாட் பகுதியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி அறைதான் கார்த்திகாவின் ஆய்வகம். மர மில்லில் வேலை செய்யும் பழனிசாமி வாரம் ஒரு சாக்கு படாக் மரத்தூள் கொண்டுவந்து போடுவார். அதை எரிசாராயத்தில் ஊறவைத்தால் சிவப்புச் சாறு இறங்கும். கிருமி தடவிய கண்ணாடித் தட்டில், அந்தச் சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை வைப்பாள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து வெளுத்திருக்க, வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் இருந்தால், சாறு கிருமியைத் தடுத்திருக்கிறது என்று பொருள்.

வளையம் இரண்டு சென்டிமீட்டர் வந்த அன்று பழனிசாமிக்கும் காட்டினாள்.

"அப்ப என் காலுக்கு இதுலயே ஒரு கட்டுத் துணி பண்ணிடுங்க மேடம்," என்றார். சர்க்கரைப் புண். இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இது தட்டுல நடந்ததுண்ணே. மனுஷனுக்குப் போட வருஷக்கணக்காகும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"டீக் ஹை, போறேன்."

அவர் போகவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. வளையத்தின் சந்தோஷம் அப்படி.

மூன்று வாரம் கழித்து, அறிக்கைக்காக மில்லுக்கே போய் ரம்பத்தடியிலிருந்து புதுத் தூள் அள்ளிவந்து சோதித்தாள். காற்றுபட்டுக் கெடுவதைத் தடுக்கும் குணத்தையும் அவள் கூடவே அளப்பாள்; அது இதிலும் குறையவில்லை. ஆனால் வளையம் மட்டும் மயிரிழைகூட இல்லை.

அடுத்த சாக்குடன் வந்தவரிடம் கேட்டாள். "தூள்ல ஏதாவது கலக்குறீங்களாண்ணே?"

பழனிசாமி பெருமையாகச் சிரித்தார். "மழைக்காலமில்லையா, வண்டு அரிச்சிடும். அதான் பலகைக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் தெளிச்சுக் கொடுப்பேன். உங்க சாக்குக்கு மட்டும். ஓனருக்குத் தெரிஞ்சா என்னையே அறுத்துப் பலகை போட்டுருவாரு."

கார்த்திகா வளையமில்லாத தட்டை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"கிருமியைக் கொன்னது அந்த மருந்துண்ணே. மரம் இல்ல."

"அப்ப துணி?"

"துணி வராதுண்ணே."

"நான்தான் கெடுத்துட்டேனா?"

"நான்தான் கேக்காம விட்டேன்."

அவரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கட்டைப் பிரித்த டாக்டர், விரலோடு நிற்காது, கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்.

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"மில்லுல லீவு கிடைக்கல சார்," என்றார் பழனிசாமி.

"இல்ல டாக்டர்," என்றாள் கார்த்திகா. "எனக்காகக் காத்திருந்தார்."