மதியழகன் உயிரோடுதான் இருக்கிறார்

எங்கள் சமுதாய வானொலியில் செய்தி சொல்லக் கூடாது. அது சட்டம். கருவாட்டுக் குழம்பு சொல்லலாம், கடல் நிலவரம் சொல்லலாம். ஊரே எரிந்தாலும் எரிகிறது என்று சொல்லக் கூடாது. “எலெக்‌ஷன்ங்கிற பேச்சே வரக் கூடாது பஹீமா, பாட்டப் போட்டுக்கிட்டே இரு” என்றார் மேலாளர் போனில். அவருக்கென்ன, புதுச்சேரியில் பத்திரமாக இருக்கிறார்.

மாடி ஸ்டூடியோவில் மாட்டிக்கொண்டது நானும் மதியழகன் அண்ணனும். தினமும் சாயங்காலம் கடல் நிலவரம் வாசிப்பவர், பக்கத்து மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டுக்காரர். ஓட்டு எண்ணும்போது ஜெயித்த கட்சிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தவரும் அவர்தான். ஓட்டு வித்தியாசம் விரல்விட்டு எண்ணும் அளவு. அவர்தான் தில்லுமுல்லு செய்தார் என்று தோற்றவர்கள் துரத்த, தப்பி இங்கே ஒளிந்துகொண்டார். அதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிவிட்டது. கிளிஞ்சல்மேட்டில் அவர் ஊர்க்காரர்கள் பழிவாங்கக் கம்போடு வேன் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் “வர்றோம், வர்றோம்” என்றது. அண்ணன் ஊரிலிருந்த தன் மனைவி சந்திரலேகாவிடம் போனில் பேசினார். அவர் உயிரோடு இருப்பதாக அவள் கத்திச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லையாம். “ஏலக் கொட்டகை ஸ்பீக்கர்ல உங்க குரல் கேக்கணும், அப்பதான் எறங்குவாங்க” என்று அழுதாள். மீன் ஏலம் விடும் அந்தக் கொட்டகையில் எங்கள் கடல் நிலவரத்தைத் தினமும் ஸ்பீக்கரில்தான் போடுவார்கள்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, நேற்று அவர் வாசித்துப் பதிவான நிலவரத்தைப் போட்டேன். சந்திரலேகா உடனே கூப்பிட்டாள். “செத்தவன் குரலப் போட்டு ஏமாத்துறாங்கன்னு இன்னும் வெறியாயிட்டாங்கம்மா!”

இனி நேரலைதான். ஆனால் எதிர் டீக்கடையில் அவரைத் தேடும் தோற்ற கட்சிக்காரர் உத்திராபதியும் ஆட்களும் நின்றார்கள். அந்தக் கடையிலும் ஓடுவது எங்கள் வானொலிதான்.

“வேணாண்ணே” என்றேன்.

“வேன் கெளம்பிட்டா ரெண்டு பக்கமும் பொணம் விழும். மைக்கப் போடும்மா.”

போட்டேன். அவர் ஜன்னலை ஒட்டி நின்று பேசினார். “கிளிஞ்சல்மேட்டு ஜனங்களே, மதியழகன் பேசுறேன். இது பதிவு இல்ல. எதுத்தாப்ல டீக்கடையில உத்திராபதி க்ளாஸக் கீழ வச்சிட்டு ரேடியோவப் பாக்குறாரு. இப்ப ஜன்னலப் பாக்குறாரு. வணக்கம் உத்திராபதி. காத்து சரியில்ல. இன்னைக்கு யாரும் ஊர விட்டு வெளிய வர வேணாம்.”

தேர்தல் என்ற பேச்சே வரவில்லை. சட்டப்படி அது கடல் நிலவரம்தான்.

சந்திரலேகாவின் போன் வந்தது. “எறங்கிட்டாங்கம்மா! கம்பெல்லாம் கீழ போட்டுட்டாங்க!” அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பேசினாள். “ஒல வச்சிட்டேன், சாப்பிட வந்துடச் சொல்லு.”

கீழே இரும்பு ஷட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. நான் போனை அவரிடம் நீட்டினேன். சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருக்க வாயருகே கையைக் குவித்துக்கொண்டார்.

“நீ சாப்புடு லேகா,” என்றார். “எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.”