பேய்களை இங்கே ஒப்படைக்கவும்

என் தங்கைக்கு ஐம்பத்தாறு வயதில் மாப்பிள்ளை பார்க்க, நானும் அவளும் ஏ.சி. பஸ் ஏறிப் பக்கத்து நாட்டுத் தலைநகருக்குப் போய்வந்தோம். கைடு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் இருக்கலாம். மாப்பிள்ளை பார்க்க இதைவிட வசதியான ஏற்பாட்டை மனிதகுலம் இதுவரை செய்ததில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் நாங்கள் வருவது தெரியாது.

நான் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு என் முகத்தைப் பார்த்தாலே இடுப்பு வலிக்கும். தங்கை அச்சகத்தில் பிழை திருத்துபவள். வீட்டில் அவளுக்குப் பெயர் புள்ளி. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால், நாலு தெரு தள்ளி இருந்தாலும் அவளுக்கு மூக்கு அரிக்கும். இருபத்திரண்டு வயதில் வந்த வரன் ஒருவர் அவளுக்கு ஆசையாக ஒரு கடிதம் எழுதினார். பதினேழு பிழைகளைத் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். விஷயம் பரவியது. அதற்குப் பிறகு எந்த வரனும் பேனாவைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு, இந்தப் பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் அவளும் நானும்தான்.

இந்தச் சம்பந்தம் ஒரு எழுத்துப் பிழையில் ஆரம்பித்தது. அந்தத் தலைநகர மியூசியத்தின் வழிகாட்டிப் புத்தகத்தை எங்கள் ஊர் அச்சகம்தான் அடித்துக் கொடுத்தது. புள்ளி காய்ச்சலில் படுத்திருந்த ஒரே ஒரு நாளில், 'பார்வையாளர்கள் தங்கள் பைகளை இங்கே ஒப்படைக்கவும்' என்று இருக்க வேண்டியது 'பேய்களை இங்கே ஒப்படைக்கவும்' என்று அச்சாகிவிட்டது. ஐயாயிரம் பிரதி. மறுவாரம் அச்சகத்துக்கு ஒரு போன்.

"மியூசியத்துல பை வாங்கி வைக்கிற கவுன்ட்டர்ல இருந்து பேசறேங்க. பேய்களை வாங்கி வைக்கணும்னு போட்டிருக்கீங்க. வாங்கிக்கறேன், ஆட்சேபணை இல்ல. டோக்கனைப் பேயோட எந்தக் கையில கட்டணும்னு மட்டும் சொல்லிடுங்க."

எடுத்தது புள்ளி. அன்றைக்குத் தான் லீவு என்று அரைமணி நேரம் சண்டை போட்டாள். அடுத்த நாள் அவர் மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டார். அதற்கடுத்த நாள், மன்னிப்பு சரியாகக் கேட்டதா என்று விசாரிக்கக் கூப்பிட்டார். இப்படியே ஒன்றரை வருடம். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. புகைப்படம் அனுப்பவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள் எங்கள் மகாராணி. மூஞ்சியைப் பார்த்துவிட்டால் அப்புறம் மூஞ்சிதான் பேசுமாம். போன வாரம் அவர், "மீதிப் பேச்சையெல்லாம் ஒரே வீட்டுல உட்கார்ந்து பேசலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

"போன்ல எல்லாரும் தங்கம்தான் அக்கா" என்றாள் என்னிடம். "ஆளு வேலை செய்யற இடத்துல எப்படி இருக்காருன்னு அவருக்கே தெரியாம பார்க்கணும். அசலோட ஒப்பிட்டுப் பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல."

"பார்த்துட்டு?"

"சிடுசிடுன்னு இருந்தா ஞாயித்துக்கிழமை வேணாம்னு சொல்லிடுவேன்."

அப்படித்தான் சனிக்கிழமை பஸ் ஏறினோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஆள் சிடுமூஞ்சியாக இருக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் போனேன். பன்னிரண்டு வருடமாகச் சண்டை போடப் பக்கத்திலேயே ஆள் இருந்து பழகிவிட்டது.

எங்கள் கைடுக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். மைக்கை வாயிலிருந்து எடுத்து அவரைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. எல்லையில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி, "வந்த நோக்கம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் புள்ளி என் காலை மிதித்து, "சுற்றுலா" என்றாள். நாடாளுமன்றத்தை ஏழு நிமிடத்திலும், பெரிய பாலத்தை நாலு நிமிடத்திலும், யாரோ ஒரு தளபதியின் குதிரைச் சிலையை பஸ் ஜன்னல் வழியாகவும் பார்த்து முடித்தோம். குதிரைக்கு எத்தனை கால் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. புள்ளி மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகள் அப்படித்தான் உட்கார்வார்கள்.

"அடுத்தது மியூசியம். சரியா ஐம்பது நிமிஷம்" என்றார் மைக்.

பஸ் நிற்கிற நேரத்தில்தான் புள்ளிக்கு உறைத்தது. "அக்கா, நான் வாயத் திறந்தா குரல வச்சே கண்டுபிடிச்சிடுவாரே!"

"திறக்காதே. பேசறதுக்கு நான் இருக்கேன்."

"அதான் பயமா இருக்கு."

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு அவளை இறக்கினேன்.

நுழைவாயிலுக்கு இடதுபுறம் நீளமான மர மேஜை, பின்னால் கூரை வரைக்கும் தட்டுகள். மேஜைக்குப் பின்னால் குட்டையாக, நீலச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு மனிதர். எங்கள் பஸ்ஸின் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அவர்மேல் பைகளை எறிந்தார்கள். மனிதர் பதறவில்லை. "உடையற சாமான் இருக்கா? மருந்து ஏதும் தேவைப்படுமா? குடையை இப்படிக் குடுங்க, அது அழுதுட்டு இருக்கு" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். போனில் கேட்ட அதே குரல் என்று என் முழங்கையை இடித்துவிட்டு, புள்ளி என் முதுகுக்குப் பின்னால் நின்று, கறுப்புக் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது. "பத்திரமா மேல் தட்டுல வைங்க சார்" என்றேன். ஸ்டூல் போட்டு ஏறி வைத்தார். முழங்காலில் 'டிக்' என்று ஒரு சத்தம். டோக்கனை வாங்கிக்கொண்டு பத்தடி போய்த் திரும்பினேன்.

"சார், மூக்குக் கண்ணாடி உள்ள மாட்டிக்கிச்சு."

ஏறி இறக்கினார், மறுபடி ஏற்றினார். டிக். டிக்.

"சார், பிரஷர் மாத்திரை."

டிக். டிக்.

"சார், கண்ணாடிக் கூட்டை எடுக்க மறந்துட்டேன்."

என் சர்வீஸில் இதற்கு நாலில் ஒரு பங்கு தொல்லை கொடுத்த நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருப்பேன். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். சுத்தமான வழுக்கை, முகம் பார்த்துத் தலை வாரலாம். "அம்மா, டாக்டர் என்னை தினமும் படி ஏறி இறங்கச் சொன்னாரு. இன்னிக்குப் பாடம் முடிஞ்சுது. இனிமே கீழ்த் தட்டுலயே வச்சிக்கறேன், நீங்க பாட்டுக்கு எடுத்துக்குங்க" என்றார். அதில் ஒரு துளி எரிச்சல் இல்லை. எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

அப்புறம் புள்ளியைப் பார்த்தார். "இவங்க பை?"

"அவளால பேச முடியாது சார். தொண்டையில ஆபரேஷன்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் எதைத்தான் இதோடு நிறுத்த முடிந்திருக்கிறது? "ஏழு மணி நேர ஆபரேஷன். குரல் நரம்பு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சு விழுந்துடுச்சு. நாலு டாக்டர் சேர்ந்து அவிழ்த்தாங்க. அதுல ஒருத்தர் கப்பல்ல வேலை செஞ்சவரு, முடிச்சுக்கே ஸ்பெஷலிஸ்ட்டு."

"அடடா. எதனால அப்படி ஆச்சு?"

"அதிகமா பேசினதாலதான். ஒன்றரை வருஷமா போனே கதின்னு கிடந்தா."

முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது. தோல் கையோடு வந்திருக்கும்.

"போன்லயா?" என்றார் அவர். கறுப்புக் கண்ணாடியை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலி ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்து புள்ளிக்குப் போட்டார். மேஜைமேல் இருந்த குறிப்புத் தாளை இழுத்து, நிதானமாக ஏதோ எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'குடிக்க தண்ணிர் வேண்டுமா?'

நான் அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் கைப்பையின் ஜிப்பைத் தேடின. பிரஷர் ஏறுவது கருவி இல்லாமலே தெரிந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். மூன்றாவது நொடியில் கைப்பை திறந்தது, சிவப்புப் பேனா வெளியே வந்தது. 'குடிக்க'வுக்குப் பின்னால் ஒரு 'த்' ஏறியது. 'ணி'க்குச் சுழி விழுந்து நெடிலானது. ஓரத்தில் அவளுடைய சின்னக் கையெழுத்து வேறு, பழக்க தோஷம்.

அவர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டு கண்டுபிடிச்சிருக்கீங்க. மூணாவதை விட்டுட்டீங்களே."

புள்ளி தாளைப் பிடுங்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் எறிந்தாள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.

"எங்க மூணாவது? இதுல மூணாவது இல்லவே இல்ல!"

மியூசியம் முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. இரண்டாயிரம் வருடமாகத் தூங்கிய சிலைகள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும். ஏழு மணி நேர ஆபரேஷன் ஏழு விநாடியில் குணமாகிவிட்டது.

"இல்லதான்" என்றார் அவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டீங்க."

"தண்ணீருக்கு நெடில் போடத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். அது இல்லன்னா உங்களால தாங்க முடியாதுன்னும் தெரியும்."

"இது ஏமாத்து."

"தொண்டையில முடிச்சு?"

புள்ளி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ போய் மியூசியம் பாரு."

"எனக்கு எதுக்குடி மியூசியம், நான் ஆஸ்பத்திரியிலேயே பார்க்காத எலும்பா..."

"போ அக்கா."

போனேன். மாடியில், உடைந்த பானை ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அந்தப் பானையை அத்தனை நேரம் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காரணம், அங்கிருந்து கைப்பிடிக் கம்பி வழியாகக் கவுன்ட்டர் தெரிந்தது, பேச்சு மட்டும் காதுக்கு எட்டவில்லை. புள்ளி விரல் விட்டு ஏதோ எண்ணிச் சொன்னாள். அவர் தலையாட்டினார். நாலாவது விரலில் அவர் தலையாட்டவில்லை. அவள் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். அவர் கூப்பிடவில்லை, துரத்திக்கொண்டு ஓடவுமில்லை. யாரோ ஒரு குடும்பம் பை வாங்க வந்தது. அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். புள்ளி கதவருகே நின்று அதைப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். சிடுமூஞ்சி வேண்டுமென்று நான் வேண்டியது அந்த இடத்தில்தான் எனக்கே கசந்தது. எழுந்திருக்காதேடி, உட்கார்ந்திரு என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மைக் விசில் அடித்தார். கீழே போனேன். புள்ளியின் முகத்தில் ஒன்றும் இல்லை; ப்ரூஃப் படிக்கிற முகம். அவர் என் பையை எடுத்துத் தந்து, "பிரஷர் மாத்திரை பக்கவாட்டு ஜிப்ல இருக்கு" என்றார்.

"என்னடி சொன்ன?"

"பஸ் ஏறு."

எல்லை வரைக்கும் கேட்டேன். எல்லை தாண்டியும் கேட்டேன். "நாளைக்குத்தானே பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேன், இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள். வாயைப் பிடுங்க முடியாத ஆத்திரத்தில், பின் சீட்டு அம்மாளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பஸ் இரண்டாகப் பிரிந்தது. ஆண்கள் பக்கம், "ஆளைத் தந்திரம் பண்ணிப் பேச வச்சுட்டாரே, ஆபத்தான மனுஷன்" என்றார்கள். பெண்கள் பக்கம், "ஆறு தடவ ஸ்டூல் ஏறியிருக்காரு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றது. டிரைவர்கூடக் கண்ணாடியில் எங்களையே பார்த்து ஓட்டியதில், இரண்டு வேகத்தடையில் எல்லோரும் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தோம். புள்ளி ஜன்னலோடு ஜன்னலாக இருந்தாள்.

ஊர் நெருங்கும்போது மைக், கருத்துப் படிவம் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார். புகழுரை வந்தால் உடனே படித்துக் காட்டிவிட வேண்டும் அவருக்கு. வாங்க வாங்க மைக்கில் படித்தார். "பிடித்த இடம்: நாடாளுமன்றம். நன்றி. பிடித்த இடம்: பாலம். நன்றி." பிறகு ஒரு தாளில் நின்றுவிட்டார்.

"பிடித்த இடம்: பை வைக்கும் இடம்." மைக்கின் குரலில் அழுகை தெரிந்தது. "ஏம்மா, நாடாளுமன்றத்துல நான் நாலு மன்னர் கதை சொன்னேனே! இது யாரு எழுதினது?"

நாற்பது தலையும் எங்கள் சீட்டுப் பக்கம் திரும்பியது.

"அடுத்த கேள்வியும் படிங்க தம்பி" என்றேன்.

"மீண்டும் இந்நகருக்கு வர விரும்புகிறீர்களா? பதில்: தேவையில்லை. இனி அவர் வருவார்." மைக் தாளைத் திருப்பிப் பார்த்தார். "எவரு?"

பஸ் முழுக்கக் கை தட்டியதில் டிரைவர் டயர் வெடித்ததென்று ஓரம் கட்டிவிட்டார். புள்ளிக்குக் காது மடல் வரை சிவந்திருந்தது. நான் அவள் பக்கம் சாய்ந்தேன்.

"எப்ப வராரு?"

"எட்டு மாசம். ரிட்டயர் ஆனதும்."

"நாலாவது விரல்ல என்னடி சொன்ன?"

"அக்காவை விட்டுட்டு அந்த ஊருக்கு வரமாட்டேன்னேன். அவரு யோசிக்கணும்னாரு. எனக்குக் கோபம் வந்துடுச்சு." கைப்பையைத் திறந்து மூடினாள். "யோசிச்சிட்டாரு."

பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன்.

"எந்த ரூம்?" என்றேன்.

"உன் தையல் மெஷின் இருக்கற ரூம். மெஷின் என் ரூமுக்கு வரும், நான் அங்க போயிடுவேன்."

"அந்த ரூம் மழைக்கு ஒழுகுமே."

"சொல்லிட்டேன்" என்றாள் புள்ளி. "வரும்போது அவரே வாளி கொண்டு வராராம்."