சுவருக்குச் சட்டை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூட வேண்டியதைத் திறந்து போட வேண்டும், திறந்து சொல்ல வேண்டியதை மூடி வைக்க வேண்டும். காலில் மாட்டுவதை முட்டியில் கிழித்துவிட்டுக்கொண்டு திரிகிறார்கள். இடுப்பில் கட்டுவதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுகிறார்கள். என்னடா இது என்று கேட்டால் ‘ரசனை’ என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே லாரிக்காரருடைய கை தானாகச் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும், உள்ளே இருந்தது இருக்கிறதா என்று.

லாரிக்காரர் ஓட்டியது சரக்கு லாரி இல்லை. வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குகிற லாரி. முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது முழுக்க உதிர்கிற வரைக்கும் அதே பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். அடுத்தவர் வீட்டுக் கட்டிலைத் தூக்கிப் படித்தது நிறைய. பீரோ எந்த அகலம், வாசல் எந்த அகலம் என்பது மட்டுமல்ல, எந்த வீட்டில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பதும் சாமான் இறங்கும்போது தெரிந்துவிடும். அந்தப் படிப்பில் அவர் தேறிய முதல் பாடம் இது: பல வருஷம் அழுக்காகக் கிடந்த வீடு திடீரென்று வெள்ளையடித்துக்கொண்டு நின்றால், அதற்குள் இருப்பவர்கள் கிளம்பப் போகிறார்கள். இரண்டாவது பாடம், லாரியில் கடைசியாக ஏற்றுவது பூந்தொட்டிகளையும் கிழவர்களையும்தான். தொட்டிகளையாவது பார்த்து ஏற்றச் சொல்லுவார்கள்.

இப்போது அவருடைய வீட்டுக் கூடத்திலேயே வெள்ளையடித்திருந்தார்கள்.

அவருடைய வீடு என்று சொல்வதும் பழக்க தோஷம்தான். போன வருஷம் நெஞ்சுவலி வந்தபோது பயந்துபோய் வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வலி போய்விட்டது. வீடும் போய்விட்டதோ என்கிற பயம்தான் அதன் பிறகு ஒருநாள்கூட அவரை விட்டுப் போகவில்லை.

வெள்ளையடிக்கக் காரணம் மருமகள். வெளிநாட்டுப் பெண்களின் பழைய உடுப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி, துவைத்து, கிழிசல் தைத்து, நாடகக்காரர்களுக்கும் படம் பிடிப்பவர்களுக்கும் வாடகைக்கு விடுவது அவள் தொழில். அது படுத்துவிட்டது. உடனே அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது: பெண்கள் உடுத்தாவிட்டால் என்ன, வீடுகள் உடுத்தட்டும். அந்த யோசனைக்குத் தூபம் போட்டவள் அவளுடைய சிநேகிதி. முகத்தில் பாதியை மூடுகிற கண்ணாடி போட்டுக்கொண்டு, வீடுகளின் உள்ளே அழகு பண்ணித் தருவதே வேலையாக இருப்பவள். லாரிக்காரர் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்திருந்தார்.

கண்ணாடிக்காரி வந்த முதல் நாளே டேப்பை இழுத்துக் கூடத்தை அளந்தாள். அளந்து முடித்ததும், “அந்தப் பழைய சோபா பின்னாடி போகட்டும். குடும்பப் படத்தையும் எடுத்துடு. கண்ணுக்கு இடம் வேணும்” என்றாள்.

“கண்ணுக்கு இடம் வேணுமாம்” என்றார் லாரிக்காரர் மகனிடம். “அப்ப எனக்கு?”

“அப்பா, அது அவ வேலை. நீங்க சும்மா இருங்க” என்று மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். நேராகப் பதில் சொல்ல முடியாதவன்தான் தலையைத் தூக்க மாட்டான் என்பது லாரிக்காரர் கணக்கு.

அடுத்து வந்த நாட்களில் கூடம் ஆளே மாறிப்போனது. கிழக்குச் சுவரில் ஒரு நீள மூங்கிலைக் குறுக்காகக் கட்டி, அதில் இரண்டு கைகளையும் விரித்து ஒரு பட்டு அங்கியைக் கோத்தார்கள். சாம்பல் நிறத்தில் கொக்குகள் பறக்கிற அங்கி. அதன் கைகள் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையைப் போட்டுத் தாலாட்டலாம் போல அகலம்.

“இது என்னம்மா, சுவருக்குச் சட்டையா?”

“கிமோனோ மாமா. ஜப்பான் பொம்பளைங்க உடுத்தறது. எல்லாமே நேர் நேர் துண்டு, வளைவா ஒரு வெட்டுகூட இருக்காது. தையலைப் பிரிச்சா பழையபடி துணியா ஆயிடும்.”

“யாரு உடுத்தினதோ. செத்தவ துணியா இருக்கப் போகுது.”

“இருக்கலாம். நீங்க ஏத்தி எறக்கின கட்டில்ல எல்லாம் யாரும் சாகலியா?”

இப்படி வாய் அடைக்கிற மாதிரி பேசுகிறவர்களை லாரிக்காரர் இன்னும் ஒரு படி கூடுதலாகச் சந்தேகப்படுவார்.

பாலைவன நாட்டுப் பெண்களின் கறுப்பு அங்கியில் நெஞ்சுப் பகுதி மட்டும் சிவப்பு நூலால் குறுக்குத் தையல் போட்டு நிறைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் நைந்துபோனதால் மருமகள் அந்தத் துண்டைத் தனியாக எடுத்துத் திண்டுக்கு உறையாகத் தைத்தாள். மலை நாட்டுப் பெண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்துகிற கொசுவம் வைத்த பாவாடை ஒன்று, கம்பி வளையத்தில் விரிந்து, சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே விளக்குக்கு மூடியாகத் தொங்கியது. அன்றைக்கு லாரிக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

“ஏன் மாமா?”

“இந்த வயசுல பாவாடைக்குக் கீழ உக்காந்து சாப்பிடணுமா? போற எடத்துல கேள்வி கேப்பாங்க.”

மருமகள் சிரித்தாள். கண்ணாடிக்காரியும் சிரித்தாள். லாரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பாடும் யார் பார்ப்பதற்கு?

அது வெள்ளிக்கிழமை தெரிந்தது. மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தேனாகப் பேசினாள். “மாமா, நாளைக்குச் சிலபேர் வீட்டைப் பாக்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சுட்டா நம்ம கஷ்டம் தீந்துது. நீங்க ஒருநாள் உங்க தங்கச்சி வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாங்களேன். பாத்து ரொம்ப நாளாச்சு இல்ல?”

போகிறேன் என்றார். தங்கையைப் பார்க்காமல் பல காலம் ஆகிவிட்டது உண்மைதான். அதைப் பற்றி மருமகளுக்கு இதுவரை கவலை வந்ததில்லை என்பதும் உண்மைதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழ ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனார். பஸ் வந்தது. நடத்துனர், “ஏறுங்க பெரியவரே” என்றார். “என்னை ஏத்திவிட எல்லாருக்கும் அவசரம்” என்று சொல்லிவிட்டு, பின்தெரு வழியாகத் திரும்பி, சமையலறைக் கதவைத் திறந்து நுழைந்தார்.

கூடத்தில் ஒரு அம்மாளும் அவளுடைய கணவரும் நின்றிருந்தார்கள். அம்மாள் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விளக்கைப் பார்த்துவிட்டு, “என்ன அழகு! எனக்கு அப்படியே இதே மாதிரி வேணும்” என்றாள். “எப்ப கிடைக்கும்?”

“நீங்க சரின்னு சொன்னா அடுத்த வாரமே” என்றாள் மருமகள்.

அடுத்த வாரமே! லாரிக்காரருக்குக் காது சுட்டது. அவருக்குத் தெரிந்து இவ்வளவு அவசரமாகக் காலி பண்ணியவர்கள் கடன்காரனுக்குப் பயந்து ஓடியவர்கள்தான். பையைக் கீழே போட்டுவிட்டு, கைத்தடியோடு கூடத்துக்குள் வந்தார். மருமகளின் முகம் அவரைப் பார்த்ததும் சுண்டிப்போனது.

“வாங்க, வாங்க” என்றார் வந்தவர்களிடம், அவருக்கு வராத ஒரு பணிவோடு. “வீடு பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்குங்க” என்றார் அந்தக் கணவர்.

“பிடிக்கும். குழாயில தண்ணி வராது. மழை பெஞ்சா மேலேருந்து வரும். பக்கத்து வீட்டுக்காரன் நாய் வளக்கறான். நாய்கூடப் பரவாயில்ல, அவன்தான் குரைப்பான்.”

கணவர் சிரித்துவிட்டார். இது வேலைக்கு ஆகாது என்று தெரிந்தது. லாரிக்காரர் கைத்தடியை உயர்த்திக் கிழக்குச் சுவரைக் காட்டினார். “அந்தச் சட்டையைத் தூக்கிப் பாருங்க.”

“மாமா, வேணாம்.” மருமகள் குறுக்கே வந்தாள்.

அந்த ‘வேணாம்’தான் அவரை உசுப்பியது. தடியின் நுனியால் கிமோனோவின் ஓரத்தைத் தூக்கிவிட்டார். பின்னால், புதிதாக அடித்த வெள்ளையைத் துளைத்துக்கொண்டு, ஒரு ஆள் அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. நடுவில் பச்சையாகப் பாசி. பட்டின் உள்துணியிலும் அந்த ஈரம் ஏறி, ஒரு கொக்கின் வயிறு வரைக்கும் பழுப்புக் கோடு இழுத்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் கரண்டி போட்டதும் தட்டுப்படத்தானே செய்யும்.

அந்த அம்மாள் சுவரைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். “இதை மறைக்கத்தான் இதை மாட்டினீங்களா?”

மருமகள் பொய் சொல்லவில்லை. “ஆமா. பூசிட்டுதான் மாட்டணும். நீங்க வர்றதுக்குள்ள முடியல.”

“எங்க விடுதி அறையில ஜனங்க படுத்துத் தூங்கப் போறாங்க. பாத்துட்டு மட்டும் போறவங்க இல்ல” என்றாள் அம்மாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. “நல்ல துணியையும் கெடுத்துட்டீங்களே.”

லாரிக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “எந்த அறை? நீங்க வீடு வாங்க வரலியா?”

“வீடா?” கணவர் மனைவியைப் பார்த்தார். “நாங்க விடுதி நடத்தறோம் ஐயா. அறைகளை உங்க மருமகளை விட்டு அழகு பண்ணலாம்னு, அவங்க கைவேலையைப் பாக்க வந்தோம். உங்க வீடு எங்களுக்கு எதுக்கு?”

அந்தக் கடைசி வார்த்தை லாரிக்காரருக்குக் கொஞ்சம் உறைத்தது. வீட்டை இவ்வளவு நேரம் மட்டம் தட்டியவர் அவர்தான். ஆனாலும் அடுத்தவன் வேண்டாம் என்று சொன்னால் அது வேறு.

சுவர் சரியானதும் கூப்பிடுங்கள், அப்போது வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கதவு சாத்தியதும் மருமகள் திரும்பினாள்.

“வீட்டை விக்கப் போறோம்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாருமே சொல்லல. அதான் எனக்குச் சந்தேகம்.”

“நாங்க விக்கப் போறோம்னா உங்ககிட்ட சொல்ல மாட்டோமா?”

“விக்கிறவன் எவன் சொல்லியிருக்கான்? என்னை எதுக்கு ஊருக்கு அனுப்பினே?”

“எதுக்கா? இதுக்குத்தான்! நீங்க வாயைத் திறந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான்! ஆறு மாசமா ஒரு வேலை இல்ல மாமா எனக்கு. இது ஒண்ணு கிடைச்சா தொழிலை நிமித்திடலாம்னு இருந்தேன்.”

அவள் குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை. அழாதது லாரிக்காரருக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை வெளியே காட்டவில்லை.

“அப்ப படத்தை ஏன் கழட்டினே?”

“ஈரத்துல கெட்டுப்போகும்னு கழட்டினேன். உங்க ரூம்லதான், பீரோ மேல துணி சுத்தி வச்சிருக்கேன். தலையைத் தூக்கிப் பாத்தீங்களா?”

“சோபா?”

“ஸ்பிரிங் உடைஞ்சு உங்களையே ரெண்டு தடவை குத்துச்சு. நீங்கதானே திட்டினீங்க.”

“கண்ணாடிக்காரி டேப்பு வச்சு அளந்தாளே?”

“மூங்கில் வாங்க வேணாமா? கண்ணால அளந்தா கடைக்காரன் குடுப்பானா?”

எதைக் கேட்டாலும் தடங்கலில்லாமல் பதில் வந்தது. லாரிக்காரருக்கு அதுதான் இடித்தது. நிஜம் பேசுகிறவன் நடுவில் ஒரு இடத்திலாவது திக்கித் திணறுவான். எல்லாக் கேள்விக்கும் பதில் கையிலேயே இருக்கிறது என்றால் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

அவள் அவரை விட்டுவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, கிமோனோவை மூங்கிலிலிருந்து உருவினாள். மேசைமேல் விரித்து, சின்னக் கத்தரியால் ஈரம் ஏறிய துண்டின் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். அவள் சொன்னது நிஜம்தான். தையல் பிரியப் பிரிய அங்கி அங்கியாக இல்லாமல், நேரான நீளத் துண்டாகக் கழன்று வந்தது. கெட்டது ஒரு துண்டு. மற்றவை அப்படியே இருந்தன. லாரிக்காரர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். இப்படி ஒரு உடுப்பைத் தைத்தவள் எங்கேயோ இருந்த கெட்டிக்காரி என்று தோன்றியது. பிரித்து மாற்ற வசதியாக ஒன்றைச் செய்து வைப்பவளை நம்பலாமா கூடாதா என்றும் தோன்றியது.

“இங்க பாருங்க மாமா.” அவள் தலையைத் தூக்கவில்லை. கையில் கத்தரி இருந்தது, அதைத் தப்பென்று சொல்ல முடியாது. “நீங்க இருக்கற வரைக்கும் இந்த வீட்டை யாரும் விக்க மாட்டோம். சத்தியம் பண்ணட்டுமா?”

“வேணாம். சத்தியம் பண்ணினவங்க சாமானைத்தான் நான் நிறைய ஏத்தியிருக்கேன்.”

“பின்ன என்னதான் பண்ணணும்? திங்கக்கிழமை கொத்தனார் வர்றார். சொல்லிட்டேன். சுவரைப் பேத்துப் புதுசா பூசிட்டு, காஞ்சதுக்கு அப்புறம்தான் எதையும் மாட்டுவேன். போதுமா?”

லாரிக்காரர் நிமிர்ந்தார். கொத்தனார்! ஒழுகின சுவரோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் பண்ணிவிட்டு, இப்போது கொத்தனார்!

“எந்தக் கொத்தனார்?”

“தெருமுனையில இருக்காரே, அவர்தான்.”

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார்.

“இப்ப எங்க கிளம்பிட்டீங்க?”

“அவனைப் பாக்க. உள்பக்கம் மட்டும் பூசச் சொன்னியா, வெளிப்பக்கமுமான்னு கேக்கணும். விக்கிறவன் உள்ளதான் பூசுவான். இருக்கப் போறவன்தான் தண்ணி நுழையற பக்கத்தைப் பூசுவான்.”

“ரெண்டு பக்கமும்தான் மாமா!”

“நீ சொல்லுவே” என்று சொல்லிவிட்டு, அவர் தெருமுனையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.