பூரணம் இல்லாத கொழுக்கட்டை

மூன்றாவது கொழுக்கட்டையைக் கடித்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. தெஹாய் வெறும் மாவை மென்று விழுங்கினார். ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கொழுக்கட்டை, திரும்பி வருகிறவர்களுக்கு நூடுல்ஸ் என்பது வட சீனத்து வழக்கம். லான்ஜோவிலிருந்து துன்ஹுவாங் போகும் ரயிலில் தெஹாய் படுக்கைப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட காலம் முழுக்க, அவர் மனைவி யூச்சின் இதை விட்டதே இல்லை. இன்றுதான் முதல்முறையாகத் தனக்கும் சேர்த்துச் செய்திருக்கிறாள்.

துன்ஹுவாங்கின் பாலைவனக் குகைகளில் இருக்கும் புத்தரைப் பார்க்க எத்தனையோ பேரை எழுப்பி இறக்கிவிட்ட மனிதர், கட்டியவளை ஒருமுறைகூட அழைத்துப் போகவில்லை. ஓய்வு பெறட்டும், பையன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். யூச்சினின் கண்கள் அப்படிக் காத்திருக்கவில்லை. வசந்தம்வரை பார்வை தாங்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பி, இந்த இலையுதிர் காலத்துக்கே நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். நாளைக்கு ரயில்.

தட்டில் மீதி இருந்தவற்றின் ஓரங்கள் எப்போதும்போல் அழகாக மடிந்திருந்தன. விரலுக்குப் பழக்கம். அப்படியானால் பார்வை முழுக்கப் போய்விட்டதா?

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. பூரணம்கூட நெறைய வச்சிருக்கே."

"பொய்யாவது ஒழுங்கா சொல்லு கிழவா. பலகையத் தடவிப் பாத்தேன். பாதி பூரணம் அங்கதான் கெடக்கு."

"எப்பலேருந்து இப்படி?"

"போன வாரம். சொன்னா டிக்கெட்ட ரத்து பண்ணிருப்பே."

"பின்ன? அங்க போயி என்னத்தப் பாக்கப் போறே?"

"குகைக்குள்ள எல்லாருக்கும் இருட்டுதானாம். வழிகாட்டி கையில ஒரு டார்ச், அவ்வளவுதான். எனக்கு நீ இருக்கே." மடியில் கிடந்த துணிப்பையைத் துழாவி ஒரு தலைத்துண்டை எடுத்து நீட்டினாள். "இது என்ன கலரு?"

"செவப்பு."

"என்ன செவப்பு? காலம் பூரா 'ஸ்டேஷன் வருது, எந்திரிங்க'ன்னதத் தவிர என்ன பேசியிருக்கே? பாக்குறதச் சொல்ல இன்னிக்கே பழகிக்கோ."

துண்டை வாங்கி விரித்தார். "தக்காளிச் செவப்பு. நடுவுல வெளுத்துப்போச்சு. ஓரத்துல…"

அழுவது அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஓசைப்படாமல் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"ம், ஓரத்துல?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள் யூச்சின்.